ஒன்றுகூடல் முகாமில் உறவுகளையும் கரையையும் கீறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்த கையோடு, கிழக்குக் கரையில் வாகரைப் பக்கத்தில் உறவினர் ஒருவரின் தென்னங்காணியில் எங்கள் குடும்பம் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கும். வெளிநாட்டில் இருப்பவர்களும் ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து சேர, இருபத்தைந்து முப்பது பேர் கூடிவிடுவோம். நான்கு முறை சித்திரக் கொப்பியோடு போயிருக்கிறேன். கீற ஆசைப்பட்டு என்னோடு உட்கார்ந்த மருமக்கள், மச்சாள்மார், ஒரு பெரியப்பா என்று பலர் கீறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடக்கினார்கள். கொப்பியைத் திறந்தவுடன் தங்களுக்கு மிகப் பிடித்த ஒரு முகத்தைக் கீறத் தொடங்கினார்கள். ஐந்து நிமிடத்தில் அந்த முகம் எழுந்து குளிக்கப் போய்விட்டது. கொப்பியும் பைக்குள் போய்விட்டது.

கீறும் ஒழுங்கை மாற்றினால் இந்தச் சோர்வு வராது. முதலில் இடம், அப்புறம் கூட்டம், அப்புறம் தனி ஆள், எல்லாவற்றுக்கும் கடைசியில் முகம். இடம் எழுந்து போகாது. இடத்தைச் சரியாகப் பிடித்தால் அதில் ஒரு ஆள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். ஆளின் இருப்பைப் பிடித்தால் முகத்தில் பாதி வேலை முடிந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒழுங்கில்தான் போகின்றன.

1. பையில் போட வேண்டியவை

கொப்பி ஏ5 அளவில், கடினமான மட்டையோடு இருக்கட்டும். முகாமில் உங்கள் முழங்கால்தான் மேசை. மெல்லிய மட்டையுள்ள கொப்பி நடுவில் வளைந்து, கோடும் அதோடு வளையும். பெரிய கொப்பி வேண்டாம்; காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும்.

பென்சில் இரண்டு வகை போதும்: எச்பி ஒன்று, 4பி ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று வாங்கி, வீட்டிலேயே கூராகச் சீவிக்கொண்டு போங்கள். கடற்கரையில் கட்டருக்குள் மணல் போனால் சீவச் சீவ முனை முறியும். முதல் வருடம் ஒரு பென்சில் முழுவதையும் எனக்கு அப்படித்தான் கட்டர் தின்றது.

தாளின் ஓரத்தைப் பிடிக்க இரண்டு கிளிப். கைக்கடியில் வைக்க ஒரு வெற்றுத் தாள். ஓகஸ்ட் வெயிலில் கை வியர்க்கும், வியர்த்த கை பட்ட இடத்தில் பென்சில் ஏறாது, ஏறியதும் தேய்ந்து கறுக்கும். எல்லாவற்றையும் போட்டு மூட ஒரு பிளாஸ்டிக் பை. அகலத் தொப்பி. கறுப்புக் கண்ணாடியைக் கீறும்போது கழற்றிவிடுங்கள், வெளிச்சமும் நிழலும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும்.

இன்னொன்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பிஸ்கட் பெட்டி மட்டையில் 7 செ.மீ. உயரமும் 10 செ.மீ. அகலமும் உள்ள ஒரு சட்டத்தை வெட்டுங்கள். ஏ5 தாளின் பக்க அளவுகளும் இதே விகிதத்தில் இருப்பதால், சட்டத்துக்குள் தெரிவதை அப்படியே தாளுக்கு மாற்றலாம். கடலும் வானமும் பரந்து கிடக்கும் இடத்தில் எதைக் கீறுவது, எதை விடுவது என்று திணறுபவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

அழிரப்பரைப் பற்றி என் கருத்து: பையில் இருக்கட்டும், கையில் வேண்டாம். புதியவர்கள் நேரத்தில் பாதியை அழிப்பதில் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிழைத்த கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டுவிட்டு மேலே போங்கள். பிழைத்த கோடு பக்கத்தில் இருந்தால்தான் எவ்வளவு பிழைத்தது என்பதும் தெரியும்.

2. முந்திய வாரம் மூன்று பயிற்சி

முகாமில் வைத்துப் பழக முடியாது. அங்கே சத்தம், சாப்பாடு, சிறுபிள்ளைகள். அதனால் கையை முன்பே இளக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, தூரம் போகப் போகப் பொருள் சிறுப்பதைப் பழகுங்கள். மட்டக்களப்பில் இருப்பவர்களுக்குக் கல்லடியில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் இருக்கிறது. அதன் ஒரு முனையில் நின்று பார்த்தால் இரும்புச் சட்டங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சிறுத்து ஒரே புள்ளியை நோக்கி ஓடுவது தெளிவாகத் தெரியும். அம்பாறைப் பக்கத்தில் இருப்பவர்கள் வயல் வரம்பையும் அதன் ஓரமாகப் போகும் மின்கம்பங்களையும் எடுத்துக்கொள்ளலாம். நாலு கம்பம் கீறினால் போதும்.

இரண்டாவது, வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும் ஒருவரை இரண்டு இரண்டு நிமிடமாகப் பத்துத் தடவை கீறுங்கள். நேரம் முடிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். எதை முதலில் எடுக்க வேண்டும் என்பதை அவசரம்தான் கற்றுத்தரும்.

மூன்றாவது, உங்கள் இடது கையைப் பார்த்துக்கொண்டே, தாளைப் பாராமல் அதன் விளிம்பைக் கீறுங்கள். படம் கோணலாகத்தான் வரும். ஆனால் நாம் தாளைப் பார்க்கும் நேரம்தான் அதிகம், பொருளைப் பார்க்கும் நேரம் குறைவு. அந்தப் பழக்கத்தை உடைக்க இது போல் வேறொன்று இல்லை.

3. வந்திறங்கிய பின்னேரம் ஒரு ஆளையும் கீறாதீர்கள்

முதல் பின்னேரம் எல்லாரும் ஓடித் திரிவார்கள். கூடாரம் அடிப்பவர், கல் வைத்து அடுப்பு மூட்டுபவர், வந்தவரைக் கட்டிப்பிடித்து அழுபவர். அந்த நேரம் கொப்பியைத் திறந்தால் ஒன்றும் அகப்படாது. உதவி செய்யாமல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதும் அழகில்லை. கூடாரத்தின் ஒரு கயிற்றைப் பிடித்துக் கொடுங்கள். கண்ணை மட்டும் வேலைக்கு விடுங்கள்.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: நாளை காலை எங்கே நிழல் விழும், சமையல் எங்கே நடக்கப்போகிறது, பெரியவர்களின் கதிரைகள் எங்கே கூடுகின்றன, பிள்ளைகள் எந்தப் பக்கத்தால் கடலுக்கு ஓடுகிறார்கள். இரண்டு நாளும் ஆட்கள் இந்த நாலு இடத்துக்குள்தான் சுற்றுவார்கள். இவை தெரியும்படி, நடைபாதைக்கு வெளியே, நிழலில் ஒரு இடத்தைக் குறித்துவைத்து அங்கே ஒரு பன்பாயைப் போடுங்கள். ஒரு நாளைக்குள் அது உங்கள் இடம் என்று எல்லாருக்கும் பழகிவிடும். பழகிய பிறகு உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் வேண்டும்.

நிழலை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், வெயில் நேராக விழும் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும். கூசும் கண் எல்லாக் கோட்டையும் மங்கலாகக் காட்டும். நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் தேவைக்கு மேல் கறுத்திருக்கும்.

உன்னிச்சை போன்ற குளக்கரையில் முகாம் போடுபவர்களுக்கு ஒரு சொல். பின்னேரம் குளத்துக்கு யானை இறங்கும், தண்ணீர் ஓரத்தில் முதலையும் இருக்கும். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் கொப்பியோடு தனியே தள்ளிப்போய் உட்காராதீர்கள்.

4. அடிவானக் கோடு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கடல் வானத்தைத் தொடும் கோடு எப்போதும் உங்கள் கண்மட்டத்தில்தான் இருக்கும். நின்றால் அது உங்களோடு எழும்பும், உட்கார்ந்தால் உங்களோடு இறங்கும். சந்தேகம் இருந்தால் சட்டத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து பாருங்கள்.

இதனால் கிடைக்கும் பெரிய நன்மை, ஆட்களின் உயரம். சமதரையான மணலில் நீங்கள் நின்று பார்த்தால், உங்கள் உயரமுள்ள எல்லாருடைய கண்ணையும் அடிவானக் கோடு தொட்டுக்கொண்டு போகும். பக்கத்தில் நிற்கும் மச்சானுக்கும் அப்படித்தான், நூறு மீற்றர் தள்ளி நிற்கும் மாமாவுக்கும் அப்படித்தான். மாமா சிறிதாகத் தெரிவார். ஆனால் அவருடைய தலை மேலேயும் கீழேயும் போகாது, கால்தான் மேலே ஏறிவரும். புதியவர்கள் இங்கேதான் பிழைவிடுகிறார்கள். தூரத்தில் நிற்பவரைச் சிறிதாக்கி, அவருடைய காலைப் பக்கத்தில் நிற்பவரின் காலோடு ஒரே கோட்டில் வைப்பார்கள். படத்தில் அவர் குழந்தையாகிவிடுவார்.

பாயில் உட்கார்ந்து பார்த்தால் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 75 செ.மீ. இருக்கும். அப்போது நிற்கும் பெரியவரை அடிவானம் தொடையின் மேற்பகுதியில் வெட்டும். இடுப்பும் நெஞ்சும் தலையும் வானத்தில் நிற்கும். நடக்கப் பழகும் ஒரு வயதுக் குழந்தையின் தலை அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். எனக்கு உட்கார்ந்து கீறுவதுதான் பிடிக்கும். சாதாரணமாக நிற்கும் ஒரு சித்தப்பாவுக்குக்கூடப் படத்தில் ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடலை நோக்கிச் சரியும் கரையில், தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்பவர் உங்களைவிடத் தாழ்வான தரையில் நிற்கிறார். அவரை அடிவானம் இன்னும் மேலே, நெஞ்சிலோ கழுத்திலோ வெட்டும். அதனால் கணக்கை மட்டும் நம்பாமல், பென்சிலைக் கிடையாகப் பிடித்து, கோடு அவருடைய உடம்பில் எங்கே படுகிறது என்று பார்த்துவிட்டே கீறுங்கள்.

செய்முறை இதுதான். முதலில் அடிவானத்தைக் கீறுங்கள். தாளின் நடுவில் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு மேலேயோ கீழேயோ வையுங்கள். நடுவில் வைத்தால் படம் இரண்டு துண்டாகிவிடும். கோடு நேராக, தாளின் கீழ் விளிம்புக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். சற்றுச் சரிந்தாலும் கடல் ஊற்றுண்டு போவது போல் தெரியும். பிறகு கரை வளையும் கோடு. பிறகு அசையாத பெரிய பொருட்கள் இரண்டோ மூன்றோ: ஒரு தென்னை, கூடாரம், இழுத்து வைத்த தோணி. இத்தோடு பென்சிலை வைத்துவிடுங்கள். ஆட்கள் வரும் இடம் வெறுமையாக இருக்க வேண்டும்.

இப்படி ஆளில்லாத பக்கங்கள் மூன்று, வேறு வேறு பக்கம் பார்த்து, முதல் நாளே தயாராக இருந்தால் மறுநாள் முழுவதும் அவற்றுக்குள் ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கலாம்.

5. மரமும் நீரும்

தென்னையைச் சிறுபிள்ளைகள் கீறுவது போல் நேர்க்கம்பமும் நட்சத்திரமுமாகக் கீறாதீர்கள். மரம் அடியில் தடித்து, வளைந்து எழும்பும். ஓலைகளில் நடுவில் உள்ளவை மேல்நோக்கி நிற்கும், அடுத்தவை கிடையாகப் போகும், பழுத்தவை தொங்கும். நல்ல மரத்தில் முப்பது ஓலை இருந்தாலும் ஏழெட்டுக்கு மேல் கீற வேண்டாம். உங்களை நோக்கி வரும் ஓலை குறுகித் தெரியும். அதில் ஒன்றையாவது கீறினால்தான் மரத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் வரும்.

பனை வேறு. மரம் நேராக நிற்கும், தலை உருண்டையாக இருக்கும், ஓலை விசிறி போல் விரியும். தூரத்தில் நிற்கும் பனைக்கு ஒரு தடித்த கோடும் கறுத்த உருண்டையும் போதும். எங்கள் ஊர்க்காரர் அதைப் பார்த்துத் தென்னை என்று சொல்ல மாட்டார்.

வாவிப் பக்கம் திரும்பினால் கண்டல். பனிச்சங்கேணிப் பாலத்தடியில் நின்று கண்டலைக் கீற முயன்றவர்கள் எல்லாரும் வேர்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிக் களைத்துப் போனார்கள். இலைக் கூட்டத்தை ஒரே கறுப்பு வடிவமாக முதலில் நிரப்புங்கள். அப்புறம் வேர்களுக்கு இடையில் தெரியும் வெளிச்ச ஓட்டைகளைப் பாருங்கள். அந்த ஓட்டைகளை வெள்ளையாக விட்டு, மிச்சத்தைக் கறுப்பாக்கினால் வேர் தானாக வந்துவிடும்.

நீருக்குக் கோடு குறைவாக இருக்கட்டும். அசையாத வாவியில் விழும் நிழல் உருவம், மரத்துக்கு நேர் கீழே விழும். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் அது சரியாது. தரையில் விழும் நிழல்தான் வெயிலுக்கு ஏற்பச் சரியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

6. எந்த நேரத்தில் எதை

கிழக்குக் கரையில் சூரியன் கடலில் எழும்பி நிலத்தில் விழும். ஓகஸ்டில் காலை 6 மணியளவில் உதிக்கும், பின்னேரம் 6 மணி தாண்டிச் சற்று நேரத்தில் மறையும்.

காலை 6 மணி முதல் 7 மணி வரை கடலைப் பார்த்து உட்கார்ந்தால் ஆட்கள் எல்லாம் கறுப்பு உருவங்கள்தான். முகமும் சட்டை மடிப்பும் தெரியாது. புதியவர்களுக்கு இது நல்ல நேரம், வெளிவிளிம்பை மட்டும் கீறினால் போதும். கரைவலை இழுப்பவர்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்பதும் பெரும்பாலும் காலையில்தான். அவர்களைக் கீறுவதானால் போய் ஒரு சொல் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

காலை 10 மணி முதல் பின்னேரம் 3 மணி வரை வெளியில் ஆட்களைக் கீற வேண்டாம். ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் எங்களுக்கு ஏறக்குறைய உச்சிக்கு நேரே வந்துவிடும். நிழல் காலடியில் சுருளும், கண்குழி கறுத்துப் போகும், முகம் எல்லாருக்கும் ஒரே மாதிரி களைத்துத் தெரியும். கச்சான் காற்றும் அந்த நேரத்தில் தாளைப் புரட்டும். இது மரநிழலில் சீட்டாடுபவர்களையும் தூங்குபவர்களையும் கீறும் நேரம்.

பின்னேரம் 4 மணிக்குப் பிறகுதான் பொன்னான நேரம். வெயில் நிலத்துப் பக்கத்திலிருந்து சாய்ந்து வரும். கடலுக்கு முதுகு காட்டி முகாமை நோக்கி இருப்பவர்களின் முகத்தில் அது மெதுவாக விழும். கீறும் நீங்கள் கடல் பக்கத்தில் இல்லாமல், சற்று ஓரத்தில் இருந்தால் முகத்தின் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறு பாதி நிழலாகவும் தெரியும்.

7. கூட்டத்தை ஒரே வடிவமாக

பன்னிரண்டு பேர் பாயில் இருந்து சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரிலிருந்து ஒவ்வொருவராகக் கீறினால் நாலாவது ஆளுக்கு வரும்போது முதல் ஆள் கைகழுவப் போயிருப்பார். ஐந்தாவது ஆளுக்குத் தாளில் இடமும் இராது.

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். ஆட்கள் மறைந்து ஒரு நீண்ட மேடு போல் தெரியும். அந்த மேட்டின் மேல் விளிம்பை ஒரே கோடாக, பென்சிலை எடுக்காமல் கீறுங்கள். எங்கே உயர்கிறது, எங்கே இறங்குகிறது, எங்கே இடைவெளி விடுகிறது என்பதுதான் முக்கியம். அப்புறம் தலைகளைச் சிறு முட்டைகளாக வையுங்கள். எந்தத் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு சிறு கோடு. மாமியும் பெரியம்மாவும் தலையோடு தலை சாய்த்து ஊர்க்கதை பேசுவது அந்த இரண்டு சாய்வில் தெரிந்துவிடும், கண் மூக்கு ஒன்றும் வேண்டாம்.

கூட்டத்தைக் கீறப் பழகுவதற்கு இந்தக் கரையிலேயே சிறந்த இடம் பாசிக்குடா. அங்கே கடல் நெடுந்தூரம் ஆழமில்லாமல் இருக்கும், அலையும் இராது. உறவுகள் எல்லாரும் இடுப்பளவு நீரில் வட்டமாக நின்று மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்கள். கால் கீற வேண்டாம், பாதம் மணலில் சரியாகப் பதிந்ததா என்ற கவலை இல்லை. பெண்கள் குளிக்கும்போது கீறுவதானால் எங்கள் வீட்டில் முன்கூட்டியே கேட்போம். வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் திரும்ப மாட்டோம். அயலாரைக் குளிக்கும்போது கீறவே கூடாது.

8. தனி ஆள்: வேலையில் இருப்பவரைத் தேடுங்கள்

“கொஞ்சம் அசையாமல் இருங்க” என்று சொல்லாதீர்கள். சொன்னவுடன் ஆள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க இருப்பது போல் விறைத்துவிடுவார். அது அவர் இல்லை.

அதற்குப் பதிலாக, ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் வேலையில் இருப்பவரைப் பிடியுங்கள். திருவலையில் தேங்காய் திருவும் சின்னம்மா முன்னே குனிவார், நிமிர்வார், மீண்டும் அதே இடத்துக்குக் குனிவார். மீன் வெட்டுபவர், பிள்ளைக்குத் தலை சீவி விடுபவர், வெற்றிலை மடிப்பவர் எல்லாரும் அப்படித்தான். எல்லாருக்கும் மேல், முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுபவர்கள். சீட்டைப் பிடித்த கையும் குனிந்த தலையுமாக இரண்டு மணித்தியாலம் இருப்பார்கள். ஒருவர் தோற்று எழுந்தாலும் அடுத்தவர் அதே இடத்தில் அதே மாதிரி வந்து குந்துவார்.

இங்கே ஒரு உத்தி. ஒரே பக்கத்தில் மூன்று படத்தை ஒன்றாகத் தொடங்குங்கள். சின்னம்மா குனிந்தபோது ஒன்று, நிமிர்ந்தபோது ஒன்று, திரும்பி யாரையோ கூப்பிட்டபோது ஒன்று. அவர் குனியும்போதெல்லாம் முதலாவதில் ஒரு கோடு, நிமிரும்போது இரண்டாவதில் ஒரு கோடு. இருபது நிமிடத்தில் மூன்றும் சேர்ந்து வளரும். ஆள் அசைந்துவிட்டாரே என்ற பதற்றம் போய், எப்போது திரும்ப வருவார் என்று காத்திருக்கும் பொறுமை வரும்.

கோடுகளின் ஒழுங்கு: முதலில் தலை உச்சியிலிருந்து இருக்கை வரை முதுகு போகும் வளைவு. அடுத்து தோள் கோடு, அதன் சரிவு. அடுத்து கை எங்கே முடிகிறது. சட்டையும் சேலையும் கடைசி. முதுகு பிழைத்தால் எவ்வளவு அழகான சேலையும் அதைக் காப்பாற்றாது.

அளவுக்குத் தலையை அலகாக எடுங்கள். நிற்கும் பெரியவர் ஏழு, ஏழரைத் தலை உயரம். ஆறு வயதுப் பிள்ளை ஐந்தரை, ஆறு. கைக்குழந்தை நாலு. புதியவர்கள் பிள்ளையைக் கீறும்போது சிறிய பெரியவராகக் கீறுவதற்குக் காரணம், தலையையும் சேர்த்துச் சிறுப்பித்துவிடுவதுதான். சப்பாணி கட்டி இருப்பவர் நாலு தலைக்குச் சற்றுக் குறைவு. முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரிய, முழு உருவமும் ஒரு முக்கோணத்துக்குள் அடங்கும்.

பென்சிலால் அளக்கும்போது கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூட வேண்டும். முழங்கை மடிந்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும். எங்கள் பெரியப்பாவின் படங்களில் கால்கள் நீண்டுகொண்டே போனது இதனால்தான். நீட்டிப் பிடிக்கச் சொன்னதும் அன்றைக்கே சரியாயிற்று.

9. முகம்

இப்போதுதான் முகம். இரண்டாம் நாள் பின்னேரம், உங்கள் கை இளகி, எல்லாரும் உங்களைப் பழகிய பிறகு.

கண் தலையின் நடுவில் இருக்கிறது. உச்சிக்கும் நாடிக்கும் சரி பாதியில். ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் கண்ணை மேலே ஏற்றி நெற்றியைத் தின்றுவிடுவார்கள். முதலில் தலையின் முழு வடிவம், அப்புறம் நடுக்கோடு, அப்புறம் கண்குழி, மூக்கின் அடி, நாடியின் அடி ஆகிய நிழல்கள். இந்த நிழல்கள் சரியான இடத்தில் விழுந்தாலே ஆள் அடையாளம் தெரிவார். கண்மணியும் இமையும் அதற்குப் பிறகு, அதுவும் கொஞ்சமாக.

முதியவர்களின் சுருக்கத்தை ஒவ்வொன்றாகக் கீறினால் அவர்களுக்கு இன்னும் இருபது வயது கூடிவிடும். வெளிச்சத்தில் இருக்கும் சுருக்கங்களை விட்டுவிடுங்கள். நிழல் பக்கத்தில் இரண்டோ மூன்றோ போதும்.

அம்மம்மாவைக் கீறப் போனபோது, “என்ன மனே, பல்லில்லாத என்னையா கீறுறாய்?” என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அவர் மனம் நோகக் கீற எனக்கு விருப்பமில்லை. வெற்றிலை வட்டாவையும் அதன் மேல் இருந்த அவருடைய இரண்டு கைகளையும் கீறினேன். பாக்கு வெட்டும் வலது கைப் பெருவிரல் அவருக்குச் சற்று வளைந்திருக்கும். கனடாவிலிருந்து வந்த மாமா அந்தப் பக்கத்தைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வேண்டாம் என்று சொல்பவர்களிடம் கையைக் கேளுங்கள், அல்லது முதுகுப் பக்கத்திலிருந்து கொண்டையைக் கீறலாமா என்று கேளுங்கள். முகாமில் இதற்கு மறுப்புச் சொன்னவர் எனக்கு இதுவரை ஒருவரும் இல்லை.

10. இரவு, நெருப்பைச் சுற்றி

இரவுப் படத்தைப் பகல் படத்துக்கு நேர்மாறாகக் கீற வேண்டும். 4பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, முதலில் இருட்டைப் பூசுங்கள். நெருப்பு, நெருப்பைப் பார்க்கும் முகங்களின் ஓரம், முன்னே நீட்டிய கை, இவற்றுக்கு மட்டும் தாளின் வெள்ளையை விடுங்கள். வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து வருவதால், எல்லாருக்கும் நெருப்புப் பக்கம்தான் வெள்ளை. ஒருவருக்கு மட்டும் மறுபக்கம் வெளிச்சம் போட்டால் படம் உடைந்துவிடும்.

தாளைப் பார்க்க டோர்ச் வேண்டும், ஆனால் அதன் வாயில் ஒரு மெல்லிய துணியைக் கட்டுங்கள். முழு வெளிச்சம் பட்டால் கண் இருட்டுக்குப் பழக மீண்டும் பல நிமிடம் எடுக்கும், கூட்டமும் உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

11. நிறம் போடுவதானால்

சிறிய நீர்வர்ணப் பெட்டியும் ஒரு தூரிகையும் போதும், ஆனால் தாள் தடித்ததாக இருக்க வேண்டும். கச்சான் காற்றில் வர்ணம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்து விளிம்பு கட்டும். அதனால் வானம், கடல் போன்ற பெரிய இடங்களைக் காலை 8 மணிக்கு முன்பே, தாளை முதலில் நனைத்துவிட்டுப் போடுங்கள்.

கடல்நீரைத் தொட்டு வர்ணம் போடாதீர்கள். ஒரு மருமகள் ஆசையாக அப்படிச் செய்தாள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்தப் பக்கம் காய்ந்தும் காயாமல் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு போத்தல் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள்.

நேரம் இல்லை என்றால் நிறத்தை எழுத்தில் வையுங்கள். “கரையோரம் வெளிர்பச்சை, அதற்கு அப்பால் கருநீலம், கூடாரம் செம்மஞ்சள், மாமியின் சேலை கத்தரிப்பூ” என்று படத்தின் மேலேயே சிறிதாக எழுதிவிடலாம். வீட்டில் ஆறுதலாக இருந்து போடலாம்.

12. எழுதிவைத்து, படம் பிடித்து, மூடுங்கள்

ஒவ்வொரு பக்கத்திலும் அன்றைக்கே திகதி, இடம், நேரம், ஆட்களின் பெயரும் உறவுமுறையும் எழுதுங்கள். கூட்டப் படமானால் பின்பக்கத்தில் தலைகளை முட்டை முட்டையாகப் போட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் பெயர். “பெரியம்மா” என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு அது யாருடைய பெரியம்மா என்று தெரியாது. பேனையால் வேண்டாம், மை ஈரத்தில் ஊறும்; பென்சில் எழுத்து நிற்கும்.

இரவு தூங்கப் போக முன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து, குடும்பத்தார் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். எங்கள் வீட்டு அல்பம் 2004 டிசம்பர் 26இல் கடலோடு போனது. இறந்துபோன பெரியமாமாவின் ஒரே ஒரு படம் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது, சுவிஸில் இருந்த ஒரு சித்தியிடம் அதன் பிரதி இருந்ததால்தான். அன்றிலிருந்து எதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை.

படம் எடுக்கும்போது கொப்பியை மர நிழலில் தட்டையாக வைத்து, போனை நேர் மேலே பிடியுங்கள். உங்கள் தலை நிழல் தாளில் விழாமல் பாருங்கள். இரவில் எடுக்க நேர்ந்தால் இரண்டு பக்கமும் இரண்டு பேர் டோர்ச் பிடிக்கட்டும், ஒரே பக்க வெளிச்சத்தில் பென்சில் பளபளத்துக் கோடு மறையும்.

பக்கங்களுக்கு இடையில் வெற்றுத் தாள் வைத்தால் 4பி தேய்ந்து எதிர்ப்பக்கத்தில் படியாது. பிறகு கொப்பியைத் தட்டி மணலை உதிர்த்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, காய்ந்த உடுப்புகளுக்கு நடுவில் வையுங்கள். ஈரத் துவாய்க்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.